இதய நோய் ஆய்வில் சேரலாமா? நோயாளிகளும் வீட்டாரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாரடைப்புக்கோ இதயச் செயலிழப்புக்கோ ஒருவர் மருத்துவமனையில் படுத்திருக்கும்போது, காகிதக் கட்டோடு ஓர் ஆய்வு ஒருங்கிணைப்பாளர் வந்து நிற்பார். "ஒரு ஆய்வு நடக்கிறது, சேர விருப்பமா?" என்பார். வீட்டாருக்கு அந்த நேரத்தில் நூறு சந்தேகம் வரும். பொது மருத்துவ வார்டில் வேலை பார்க்கும் எனக்குத் திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

அப்பாவை வைத்துச் சோதனை செய்து பார்க்கப் போகிறார்களா?

இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஏழை நோயாளிகளிடம் எதையும் விளங்கச் சொல்லாமல் கையெழுத்து வாங்கினார்கள் என்று நம் நாட்டில் புகார்கள் எழுந்து, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. அதன் பிறகு விதிகள் இறுகின. இப்போது நடைமுறையில் இருப்பவை 2019 மார்ச்சில் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகள்.

முதலில், இது எத்தனையாவது கட்ட ஆய்வு என்று கேளுங்கள். முதல் கட்டத்தில் ஒரு புதிய மருந்தை முதன்முதலாகச் சிலருக்குக் கொடுத்து, உடம்பு தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் எவ்வளவு கொடுப்பது என்று பார்ப்பார்கள். இதய வார்டில் உங்களிடம் வருவது பெரும்பாலும் மூன்றாவது அல்லது நான்காவது கட்டம். இப்போது எல்லோருக்கும் கொடுக்கும் சிகிச்சையோடு ஒப்பிட்டு, புதியது அதைவிட உயிரைக் காக்கிறதா என்று ஆயிரக்கணக்கானவர்களிடம் பார்ப்பது அது. சில ஆய்வுகளில் புது மருந்தே இருக்காது. வழக்கமான சிகிச்சை நடக்கும், தகவலை மட்டும் பதிவேட்டில் எழுதிக்கொள்வார்கள். இவற்றில் எது என்று தெரிந்தாலே பாதிப் பதற்றம் குறையும்.

அனுபவமுள்ள டாக்டருக்கு எது நல்லது என்று தெரியாதா? ஆய்வு எதற்கு?

எனக்கு மிக முக்கியமான கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களில் சிலருக்கு இ.சி.ஜி.யில் நடுநடுவே தாளம் தப்பிய துடிப்புகள் தெரியும். அவை அதிகம் உள்ளவர்கள் திடீரென்று இறந்துபோவதும் அதிகம். அப்படியானால் அந்தத் துடிப்புகளை மருந்தால் அடக்கிவிட்டால் சாவைத் தடுக்கலாம் என்று தோன்றும் அல்லவா? 1980களில் அமெரிக்காவில் அப்படித்தான் நினைத்தார்கள். என்கெய்னைடு, ஃப்ளெகெய்னைடு என்ற இரண்டு மருந்துகளும் துடிப்புகளை நன்றாக அடக்கின. அவற்றை ஏராளமானவர்களுக்கு எழுதிக்கொடுத்தார்கள்.

காஸ்ட் என்ற ஆய்வு இதைச் சோதித்தது. முதலில் மருந்தைக் கொடுத்து, யாருக்குத் துடிப்புகள் அடங்கினவோ அவர்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதாவது மருந்து "வேலை செய்தவர்கள்". அவர்களில் பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத டம்மி மாத்திரை. 1989 ஏப்ரலில் இந்த இரண்டு மருந்துகளையும் அவசரமாக நிறுத்தினார்கள். 1,498 பேரைச் சராசரியாகப் பத்து மாதம் பின்தொடர்ந்ததில், மருந்து சாப்பிட்டவர்களில் 63 பேரும் டம்மி சாப்பிட்டவர்களில் 26 பேரும் இறந்திருந்தார்கள்.

ஒரு டாக்டர் தன் அனுபவத்தால் இதைக் கண்டுபிடித்திருக்க முடியுமா? முடியாது. மாரடைப்பு வந்த நோயாளி சில மாதத்தில் இறந்தால், நோய்தான் கொன்றது என்றே எந்த டாக்டரும் நினைப்பார். மருந்தால் நூறு பேரில் கூடுதலாக ஐந்து பேர் இறப்பது ஒரு டாக்டரின் கண்ணுக்குத் தெரியாது. எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், எவ்வளவு அக்கறை உள்ளவராக இருந்தாலும் தெரியாது. இரண்டு கூட்டத்தை அருகருகே வைத்து எண்ணினால்தான் தெரியும்.

நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. பலவீனமான இதயத்துக்கு பீட்டா பிளாக்கர் கொடுக்கவே கூடாது என்று ஒரு காலத்தில் மருத்துவக் கல்லூரிகளில் சொல்லிக்கொடுத்தார்கள். ஏற்கெனவே தளர்ந்த இதயத்தை மேலும் மெதுவாக்கும் மருந்து அது, எனவே ஆபத்து என்பது வாதம். 1975ல் ஸ்வீடனின் கோத்தன்பர்கில் ஃபின் வாக்ஸ்டைன் என்பவரும் கூட இருந்தவர்களும் ஏழு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, அவர்கள் தேறியதாக எழுதினார்கள். அந்த ஏழு பேரை நம்பி உலகம் மாறவில்லை, மாறியிருக்கவும் கூடாது. 1999ல் சிபிஸ்-2 என்ற ஆய்வு 2,647 பேரிடம் பைசோப்ரலால் என்ற பீட்டா பிளாக்கர் மாத்திரையைச் சோதித்தது. டம்மி பிரிவில் 17.3 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், மருந்துப் பிரிவில் 11.8 சதவீதம். ஒரு காலத்தில் தடை செய்யப்பட்டிருந்த மருந்து இன்று இதயம் பலவீனமானவர்களின் சீட்டில் முதல் சில வரிகளில் இருக்கிறது.

குலுக்கல் போட்டு மருந்து கொடுப்பது சரியா? எனக்கு எது வேண்டும் என்று நானே சொல்லக் கூடாதா?

கேட்பதற்கே ஒரு மாதிரி இருக்கும், தெரியும். உங்கள் உடம்புக்கு எது போகும் என்பதை ஒரு கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. ஆனால் குலுக்கல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு.

மாதவிடாய் நின்ற பெண்கள் ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டால் இதய நோய் குறைகிறது என்று, பெண்களைப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வுகள் சொல்லின. லட்சக்கணக்கான பெண்கள் சாப்பிட்டார்கள். பிறகு குலுக்கல் முறையில் சோதித்தார்கள். 1998ல் வந்த ஹெர்ஸ் ஆய்வில், ஏற்கெனவே இதய நோய் இருந்த 2,763 பெண்களுக்கு மொத்தத்தில் எந்தப் பலனும் இல்லை. 2002ல், ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையை 16,608 பெண்களிடம் சோதித்த அமெரிக்க ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். மாரடைப்பும் பக்கவாதமும் மார்பகப் புற்றுநோயும் மாத்திரைப் பிரிவில் கூடுதலாக இருந்தன.

முந்தைய ஆய்வுகள் தவறான முடிவுக்கு வந்ததற்கு முக்கியமான ஒரு காரணம், தானாகவே ஹார்மோன் மாத்திரை கேட்டு வாங்கிய பெண்கள் பொதுவாகவே வசதியும் படிப்பும் உடல்நல அக்கறையும் கொண்டவர்கள். அவர்களுக்கு நோய் குறைவாக வந்ததற்கு மாத்திரை காரணம் இல்லை. யார் எந்தப் பிரிவு என்பதை நோயாளியும் தீர்மானிக்காமல் டாக்டரும் தீர்மானிக்காமல் இருந்தால்தான் இரண்டு கூட்டமும் ஒரே மாதிரி அமையும்.

ஒன்று மட்டும் கட்டாயம். இரண்டில் எது மேல் என்று மருத்துவ உலகத்துக்கே நியாயமான சந்தேகம் இருந்தால் மட்டும்தான் குலுக்கல் போடலாம். "எது மேல் என்று உங்களுக்கு உண்மையிலேயே தெரியாதா டாக்டர்?" என்று நீங்கள் நேராகவே கேட்கலாம்.

டம்மி மாத்திரை கொடுத்து ஏமாற்றிவிட மாட்டார்களா?

டம்மி இருக்கிறது என்பதை ஒப்புதல் படிவத்திலேயே எழுத வேண்டும். உங்களுக்கு எது போகிறது என்பது மட்டும்தான் தெரியாது. இதய ஆய்வுகளில், வழக்கமாகக் கொடுக்கும் ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், பிரஷர் மாத்திரை எல்லாம் இரண்டு பிரிவுக்கும் தொடரும். அவற்றுக்கு மேல்தான் புது மருந்தோ டம்மியோ சேர்கிறது. உயிர் காக்கும் மருந்தை நிறுத்திவிட்டு டம்மி கொடுப்பதாக யாராவது சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள்.

டம்மி மாத்திரையைத் தாண்டி டம்மி சிகிச்சையும் உண்டு. பிரிட்டனில் ஆர்பிட்டா என்ற ஆய்வில், நடந்தால் நெஞ்சுவலி வரும் 200 பேருக்குக் குழாய் செலுத்தி ஆஞ்சியோ செய்தார்கள். அவர்களில் சுமார் பாதிப் பேருக்கு, அடைப்பைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை வைத்தார்கள், மீதிப் பேருக்கு வைக்கவில்லை. யாருக்கு வைத்தது என்று நோயாளிக்குத் தெரியாது. 2017ல் முடிவு வந்தது: ஆறு வாரம் கழித்து நடக்கவிட்டுப் பார்த்ததில், இரண்டு பிரிவுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இதய மருத்துவர்களிடையே பெரிய சண்டையே நடந்தது. அதே குழு, நெஞ்சுவலி மாத்திரைகளை நிறுத்திவிட்டு 301 பேரிடம் இரண்டாவது ஆய்வைச் செய்து 2023ல் வெளியிட்டது. அதில் ஸ்டென்ட் நெஞ்சுவலியை உண்மையாகவே குறைத்தது. தங்கள் முதல் முடிவோடு நின்றுவிடாமல், அதில் விட்டுப்போன கேள்வியை அவர்களே எடுத்துக்கொண்டு போனார்களே, ஆய்வு என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அடைப்பு இருக்கிறது என்கிறார்கள், ஸ்டென்ட் வேண்டாம் என்றும் சொல்கிறார்கள். எப்படி?

மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது அடைப்பைத் திறப்பது உயிர் காக்கும். அதில் சந்தேகமே இல்லை, தாமதிக்கவும் கூடாது. நிலையாக இருக்கும் நெஞ்சுவலி வேறு விஷயம். 2007ல் கரேஜ் ஆய்வு 2,287 பேரிடமும், 2020ல் இஸ்கீமியா ஆய்வு 5,179 பேரிடமும் இதைப் பார்த்தன. நல்ல மருந்து மட்டும் கொடுப்பதையும், மருந்தோடு ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்வதையும் ஒப்பிட்டதில், மாரடைப்பையோ சாவையோ ஸ்டென்ட் கூடுதலாகத் தடுக்கவில்லை. வலி அதிகம் இருந்தவர்களுக்கு வலி குறைந்தது. இடது பிரதான நாளத்தில் அடைப்பு உள்ளவர்களையும் இதயத்தின் பம்ப் திறன் மிகக் குறைந்தவர்களையும் இஸ்கீமியாவில் சேர்க்கவில்லை. எனவே பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்னது உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

மாரடைப்பு என்று வந்தவருக்கு ஏன் ஆக்சிஜன் வைக்கவில்லை?

முகமூடி இல்லாவிட்டால் கவனிக்கவில்லை என்று வீட்டார் கோபப்படுவார்கள். ஸ்வீடனில் 6,629 பேரிடம் இதைக் குலுக்கல் முறையில் பார்த்தார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் 90 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தவர்களில் ஒரு பாதிக்கு ஆக்சிஜன், மறு பாதிக்குச் சாதாரணக் காற்று. ஒரு வருடத்தில் இறந்தவர்கள் 5.0 சதவீதம், 5.1 சதவீதம். 2017ல் வெளிவந்த முடிவு இது. விரலில் மாட்டும் கருவியில் அளவு சரியாக இருந்தால் ஆக்சிஜன் தேவையில்லை. குறைந்தால் உடனே வைப்பார்கள்.

எனக்குச் சுகரே இல்லை. இதயத்துக்கு ஏன் சுகர் மாத்திரை எழுதுகிறார்கள்?

மருந்துக் கடையில் "இது சுகர் மாத்திரையாச்சே" என்று சொல்லக் கேட்டு, பயந்து நிறுத்திவிட்டு மூச்சுத் திணறலோடு திரும்பி வருபவர்கள் உண்டு. தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

ஒரு சுகர் மருந்து இதயத்துக்குக் கெடுதல் செய்யுமோ என்ற சந்தேகம் எழுந்த பிறகு, புதிய சுகர் மருந்துகள் இதயத்துக்குப் பாதுகாப்பானவை என்று நிரூபிக்க வேண்டும் என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008ல் சொன்னது. அப்படிச் செய்யப்பட்டதுதான் எம்ப்பாக்ளிஃபுளோசின் மருந்தின் ஆய்வும். 7,020 பேர், 2015. கெடுதல் இல்லை என்று காட்டத் தொடங்கிய ஆய்வில், இதய நோயால் ஏற்படும் சாவு 5.9லிருந்து 3.7 சதவீதமாகக் குறைந்திருந்தது. பிறகு 2019ல் டாப்பாக்ளிஃபுளோசினை இதயச் செயலிழப்பு உள்ள 4,744 பேரிடம் சோதித்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சுகரே கிடையாது. அவர்களுக்கும் அதே அளவு பலன் கிடைத்தது.

"மரணத்தை 23 சதவீதம் குறைக்கும்" என்று செய்தியில் வருகிறதே, அதை எப்படிப் புரிந்துகொள்வது?

எத்தனையிலிருந்து எத்தனைக்குக் குறைந்தது என்று கேளுங்கள். ஐசிஸ்-2 என்ற ஆய்வையே எடுத்துக்கொள்வோம். 1988ல் வெளிவந்தது; 417 மருத்துவமனைகள், மாரடைப்பு என்று சந்தேகிக்கப்பட்ட 17,187 பேர். ஆஸ்பிரின் இல்லாதவர்களில் ஐந்து வாரத்துக்குள் 11.8 சதவீதம் பேர் இதய, ரத்தநாளக் காரணங்களால் இறந்தார்கள். ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களில் 9.4 சதவீதம். நேராக வகுத்தால் இது சுமார் 20 சதவீதக் குறைவு; ஆய்வாளர்கள் பயன்படுத்திய வேறொரு கணக்கு முறையில் (இறந்தவர்களுக்கும் பிழைத்தவர்களுக்கும் உள்ள விகிதம்) இதைத்தான் 23 சதவீதக் குறைவு என்று எழுதுகிறார்கள். நூறு பேருக்குக் கொடுத்தால் இரண்டு மூன்று பேர் கூடுதலாகப் பிழைப்பார்கள். சில காசு மாத்திரைக்கு அது மிகப் பெரிய விஷயம்! ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசியும் சேர்ந்தால் இறப்பு 8.0 சதவீதம். இரண்டும் இல்லாதவர்களுக்கு 13.2.

இதே ஆய்வில் இன்னொரு பாடமும் உண்டு. பெண்களுக்குத் தனியாக என்ன, சுகர் உள்ளவர்களுக்குத் தனியாக என்ன என்று பிரித்துப் பிரித்துக் காட்டச் சொன்னபோது, ஆய்வாளர்கள் நோயாளிகளின் ராசியையும் பிரித்துக் காட்டினார்கள். நம் சந்திர ராசி இல்லை, பிறந்த தேதியை வைத்துச் சொல்லும் மேற்கத்திய ராசி. மிதுனம், துலாம் காரர்களுக்கு ஆஸ்பிரின் லேசாகக் கெடுதல் செய்வதுபோலத் தெரிந்தது! மற்ற எல்லா ராசிக்கும் பெரிய நன்மை. ஒரு பெரிய கூட்டத்தைப் பல துண்டாக வெட்டினால், ஏதோ ஒரு துண்டில் தற்செயலாக விபரீதமான எண் வரத்தான் செய்யும் என்பதைக் காட்டவே அப்படிச் செய்தார்கள். "இந்த மருந்து இன்ன வகை ஆட்களுக்கு மட்டும் ஆகாது" என்று ஒரு செய்தி வந்தால், அது தனியாகச் சோதிக்கப்பட்டதா அல்லது வெட்டிப் பார்த்ததில் கிடைத்ததா என்று பாருங்கள்.

வெள்ளைக்காரர்களிடம் செய்த ஆய்வு நமக்குப் பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தும், முழுவதும் இல்லை. கேரளத்தில் பிறந்த சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு (2004), புகை, கொழுப்பு, பிரஷர், சுகர், தொப்பை போன்ற ஒன்பது காரணங்களே எல்லா இனத்தாருக்கும் பெரும்பாலான மாரடைப்புகளுக்குப் பொறுப்பு என்று காட்டியது. ஆனால் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது, மற்றவர்களுக்கு 58.8ல். குடும்பத்தைச் சுமக்கும் வயதில் நமக்கு வந்துவிடுகிறது.

நம் ஊரின் சிக்கல் மருந்து மட்டும் இல்லை, தூரமும்தான். கோயம்புத்தூர் இதய மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டர் தலைமையில் தமிழ்நாட்டில் நடந்த ஆய்வு அதைத்தான் எடுத்துக்கொண்டது. சின்ன மருத்துவமனைகளைப் பெரிய மையங்களோடு இணைத்து, முதல் இடத்திலேயே கட்டி கரைக்கும் ஊசி போட்டு, பிறகு ஆஞ்சியோவுக்கு அனுப்பும் ஏற்பாடு. 2,420 நோயாளிகள். ஏற்பாட்டுக்கு முன் 35 சதவீதம் பேருக்கு நடந்த ஆஞ்சியோ 60.8 சதவீதமாக உயர்ந்தது. ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் 17.6லிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். இதில் குலுக்கல் இல்லை, முன்னும் பின்னும் ஒப்பிட்டதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் நம் சாலைகளில், நம் ஆம்புலன்ஸ்களில் கிடைத்த எண்கள் இவை. அந்த 2,420 பேரில் பெண்கள் 386 பேர்தான் என்பது என்னை உறுத்துகிறது. பெண்களின் நெஞ்சுவலி ஏன் மருத்துவமனை வரை வந்து சேர்வதில்லை என்பதே தனி ஆய்வுக்குரியது.

அம்மாவுக்கு 82 வயது, கிட்னியும் சரியில்லை. அவருக்கு இந்த ஆய்வு முடிவுகள் பொருந்துமா?

எங்கள் வார்டில் இருப்பவர்களில் பலர் உங்கள் அம்மாவைப் போன்றவர்கள்தான். ஆய்வுகளில் சேர்க்கப்படுபவர்களோ பெரும்பாலும் அவரைவிட இளையவர்கள், நோய் குறைந்தவர்கள். ரத்த அழுத்தத்தை நன்றாகக் குறைக்கச் சொன்ன 2015ன் ஸ்பிரின்ட் ஆய்வில் சுகர் உள்ளவர்களையும் பக்கவாதம் வந்தவர்களையும் சேர்க்கவில்லை. இது இந்தத் துறையின் உண்மையான குறை, இதை மறைக்கக் கூடாது.

ஆனால் வயதானவர்களுக்கென்றே செய்தால் பலன் உண்டு. எண்பதைத் தாண்டியவர்களுக்குப் பிரஷர் மாத்திரை கொடுப்பது நல்லதா என்று குழப்பம் இருந்தது. ஹைவெட் ஆய்வு (2008) அந்த வயதினர் 3,845 பேரை மட்டும் எடுத்துப் பார்த்தது. மாத்திரைப் பிரிவில் சாவு குறைவாக இருந்ததால் முன்கூட்டியே முடித்தார்கள். வயதானவருக்கு ஆய்வில் இடம் தருகிறார்கள் என்றால், "இந்த வயசில் எதுக்கு" என்று உடனே தள்ளாமல் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கையெழுத்து யார் போட வேண்டும்? உடனே போட வேண்டுமா?

நினைவோடு இருந்தால் நோயாளிதான். மகனோ மருமகனோ அவருக்குப் பதிலாக முடிவு செய்யக் கூடாது. அவர் மயக்கத்தில் இருந்தால் சட்டப்படி உரிமையுள்ள உறவினர் போடலாம். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முழு விளக்கத்தின்போதும் கூட இருக்க வேண்டும். படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், ஒரு பிரதி உங்கள் கைக்கு வர வேண்டும். அவசரமில்லாத ஆய்வு என்றால் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு, குடும்ப டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள். அதற்கு முகம் சுளிக்கும் இடத்தில் சேர வேண்டாம்.

சேர மறுத்தால் சிகிச்சை குறையாது, குறையவும் கூடாது. சேர்ந்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. மாத்திரையைச் சத்தமில்லாமல் வீட்டில் நிறுத்திவிட மட்டும் வேண்டாம், சொல்லிவிட்டு விலகுங்கள். திடீரென்று நிறுத்தினால் ஆபத்தாகும் மருந்துகள் இருக்கின்றன.

ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு?

ஆய்வின்போது உடம்புக்குப் பாதிப்பு வந்தால் இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். அந்தப் பாதிப்புக்கும் ஆய்வுக்கும் தொடர்பில்லை என்று உறுதியாகும் வரை அது தொடர வேண்டும். ஆய்வால்தான் பாதிப்போ மரணமோ என்றால், ஆய்வை நடத்தும் நிறுவனம் இழப்பீடு தர வேண்டும். வயது, நோயின் கடுமை ஆகியவற்றை வைத்துக் கணக்கிடும் வாய்பாடு 2019 விதிகளிலேயே இருக்கிறது. கடுமையான பாதிப்பு நடந்தால், ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும்.

இதையெல்லாம் கண்காணிப்பது நெறிமுறைக் குழு. குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும், பாதிப் பேர் அந்த மருத்துவமனையைச் சேராதவர்கள், மருத்துவம் படிக்காத சாதாரண மனிதர் ஒருவரும் ஒரு பெண்ணும் கட்டாயம். அந்தக் குழுவின் தொலைபேசி எண் உங்கள் படிவத்தில் இருக்கும். டாக்டரிடம் கேட்கத் தயங்குவதை அங்கே கேட்கலாம்.

உண்மையான ஆய்வுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தியாவில் மருத்துவ ஆய்வுகளுக்கு சி.டி.ஆர்.ஐ. என்ற பொதுப் பதிவேடு 2007லிருந்து இருக்கிறது. 2009 ஜூனிலிருந்து மருந்து ஆய்வுகளை அதில் பதிவது கட்டாயம். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, அதன் இணையதளத்தில் போட்டால் யார் நடத்துகிறார்கள், யார் பணம் தருகிறார்கள், எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள், எதை அளக்கிறார்கள் என்பதெல்லாம் யாரும் பார்க்கலாம். உங்களிடம் பணம் கேட்டால், அது ஆய்வு மருந்துக்கா வழக்கமான சிகிச்சைக்கா என்று எழுத்தில் வாங்குங்கள். ஆய்வு மருந்துக்கும் ஆய்வுக்கென்று எடுக்கும் பரிசோதனைக்கும் நீங்கள் காசு கொடுக்கும் நிலை வரக் கூடாது. போக்குவரத்துச் செலவைத் தருவது வழக்கம்.

ஆய்வு முடிந்த பிறகு அந்த மருந்து தொடர்ந்து கிடைக்குமா?

இதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்க வேண்டும், ஆனால் கேட்பவர்கள் குறைவு. மருந்தால் பலன் இருக்கிறது, வேறு மாற்றுச் சிகிச்சை இல்லை என்று ஆய்வு மருத்துவர் பரிந்துரைத்து, நெறிமுறைக் குழுவும் ஒப்புக்கொண்டால், ஆய்வுக்குப் பிறகும் இலவசமாகத் தர விதிகளில் வழி இருக்கிறது. அது தானாக நடந்துவிடாது. நீங்கள் கேட்க வேண்டும், எழுதியும் கொடுக்க வேண்டும். அதோடு, நீங்கள் எந்தப் பிரிவில் இருந்தீர்கள், ஆய்வின் முடிவு என்ன என்பதை எப்போது, யார் மூலம் சொல்வார்கள் என்றும் கேட்டு, உங்கள் ஃபைலில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.